காலியாக இருந்த எட்டாவது கை

கட்டம் இறந்த பிறகு அவருடைய நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. மரியாதை என்று சொல்லிவிட முடியாது. அதன் ஒரு சக்கரம் எப்போதோ உடைந்திருந்தது. உட்கார்ந்தால் இடது பக்கம் சாயும். அந்தச் சாய்வுக்கு ஏற்ற முதுகு அலுவலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

பக்கத்து நாற்காலி டீச்சருடையது. அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவள் அல்ல. அடுத்தவர் எழுதிய புரோகிராமை வரி விடாமல் படித்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு எழுத்தில் குறிப்பு போடுவாள். அதனால் வந்த பெயர், வைத்தவர் கட்டம். பதிலுக்கு அவருக்குக் கட்டம் என்று வைத்தது அவள். கையில் பேனா கிடைத்தால் போதும், பஸ் டிக்கெட்டின் முதுகில், காகித டம்ளரின் வயிற்றில், ஒருமுறை இந்த வருடம் சம்பள உயர்வு இல்லை என்று அவருக்கு வந்த கடிதத்தின் மேலேயே, கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறிகளால் இணைத்துக்கொண்டிருப்பார். மேலாளருக்கு அவசரம் என்று பெயர் வைத்தது இரண்டு பேரும் சேர்ந்து. அது மட்டும் உரியவர் காதுக்கு இன்றுவரை போகாத பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அலுவலகத்திலிருந்து எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவியின் கையைப் பிடித்தார்கள், மகளின் தோளைத் தட்டினார்கள். டீச்சரும் பிடித்தாள், தட்டினாள். திரும்பி வரும்போது வேனில் யாரோ டிராஃபிக்கைத் திட்டினார்கள். மனைவிக்குப் புருஷன் போனால், மகளுக்கு அப்பா போனால், துக்கம் கேட்க ஆட்கள் வருகிறார்கள். பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தவர் போனால் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்க யாருமில்லை. கேட்டிருந்தாலும் என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

"சொந்தமா?" என்று அன்று சாயங்காலம் அத்தை கேட்டாள். அத்தை, டீச்சரின் கணவனைப் பெற்றவள்.

"இல்ல அத்தை. கூட வேலை பார்த்தவர்."

"அப்புறம் ஏன் தட்டுல போட்டது போட்டபடி இருக்கு?"

டீச்சர் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அத்தை வழக்கம்போல் காதைத் தொட்டுக் காட்டினாள். "பேட்டரி போயிடுச்சும்மா. நாளைக்குச் சொல்லு." அத்தையின் காதில் இருக்கும் கருவிக்கு, அவளுக்குப் பிடிக்காத பேச்சு வரும்போதெல்லாம் பேட்டரி தீர்ந்துவிடும்.

கட்டம் என்ன வேலை பார்த்தார் என்பதை அத்தைக்கு விளக்கும் முயற்சியை வீட்டில் எப்போதோ கைவிட்டிருந்தார்கள். உண்மையில் அது அப்படியொன்றும் சிக்கலானதல்ல. மனிதர் எழுதும் புரோகிராமை சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் இன்னொரு புரோகிராமுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். அவர்களுடைய நிறுவனம் சின்னஞ்சிறு சிப்புகளுக்குக் கம்பைலர் செய்துகொடுத்தது. அந்தக் கம்பைலரின் நடுவயிற்றில் இருந்தது கட்டத்தின் பகுதி. வரும் புரோகிராமை அது துண்டுகளாக வெட்டும். எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்குப் போகலாம் என்று வழி வரையும். பிறகு ஒவ்வொரு இடத்திலும் எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது, அது இனிமேலும் தேவையா என்று கண்காணிக்கும். ரெஜிஸ்டர் என்பது சிப் கணக்குப் போடும்போது ஒரு எண்ணைப் பிடித்துவைத்திருக்கும் சிறு இடம். கட்டம் அதை ரெஜிஸ்டர் என்று சொன்னதே இல்லை. கை என்பார். அந்தச் சிப்புகளுக்கு எட்டுக் கை. எதைக் கூட்டுவதானாலும் கழிப்பதானாலும் முதலில் கையில் எடுத்தாக வேண்டும். கை போதவில்லை என்றால் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டும். வைப்பதற்கு ஒரு கட்டளை, திரும்ப எடுப்பதற்கு ஒரு கட்டளை. அதற்கெல்லாம் சிப்பில் இடம் பிடிக்கும்.

கையில் இருப்பது இனித் தேவையா என்பதை முன்னாலிருந்து படித்துக்கொண்டு வந்தால் சொல்ல முடியாது. முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடந்து வர வேண்டும். வழியில் யாராவது அதைக் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். "யாரும் கேக்கப்போறதில்லன்னா கையை விட்டுடு. சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்காதே" என்பார். யாராவது ஒரு துண்டைக் காட்டி இது சரியா என்று கேட்டால், அந்தத் துண்டைப் பார்க்கவே மாட்டார். "அது இருக்கட்டும், இந்த வீட்டுக்கு எத்தனை வாசல்?" என்று திருப்பிக் கேட்பார். முன்வாசல் வழியாக வருகிறவன் மூன்றாவது கையில் ஒரு பொருளோடு வருவான். கொல்லைப்புற வாசல் ஒன்று இருந்து, அந்த வழியாக வருகிறவன் அதே கையில் வேறு எதையாவது வைத்திருந்தால் தொலைந்தது. உலகத்தில் பாதிச் சண்டை கொல்லைப்புற வாசலை மறந்ததால் வருவது என்பது அவர் கட்சி.

அவர் எழுதியதை டீச்சர் படித்துக்கொண்டிருக்கும்போது நாற்காலியைச் சாய்த்து எட்டிப் பார்ப்பார்.

"என்னம்மா டீச்சர், பாஸா ஃபெயிலா?"

"பார்டர்ல பாஸ் சார். கையெழுத்துதான் சரியில்ல."

"கம்ப்யூட்டர்ல ஏதும்மா கையெழுத்து!"

இதுதான் அவர்களுக்குள் இருந்தது. இதற்கு மேல் ஒன்றுமில்லை, ஆனால் இது குறைவும் இல்லை.

அவர் போன இரண்டாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, அவசரம் நின்றபடியே பேச வந்தார். உட்கார்ந்து பேசினால் நேரம் போய்விடும் என்பது அவர் எண்ணம். காதுக்கருவி செய்யும் நிறுவனம் ஒன்று அவர்களுடைய பழைய வாடிக்கையாளர். அத்தையின் காதில் இருப்பதும் அவர்களுடைய பழைய மாடல்தான். இப்போது புது மாடல் வருகிறது, புதுச் சிப். தட்டுமுட்டுச் சாமான் விழும் சத்தம், கதவு அறையும் சத்தம் மாதிரி திடுக்கென்று வருவதை மட்டும் தணித்து, பேச்சை அப்படியே விடும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். அதைச் சேர்த்ததும் புரோகிராம் சிப்பில் அடங்கவில்லை. கொஞ்சம்தான் வழிகிறது, ஆனால் வழிகிறது.

"அவங்க ஆளுங்க ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்காங்கம்மா. எட்டுக் கை இருக்கிற சிப்புல நம்ம கம்பைலர் ஏழைத்தான் பயன்படுத்துது. நானும் போய்ப் பார்த்தேன். நம்ம ஆளு ஒரு வரி எழுதி வச்சிருக்காரு, எட்டாவதை யாருக்கும் குடுக்காதேன்னு. ஏன்னு எழுதல. அந்த ஒத்த வரியை அழிச்சா எல்லாம் அடங்கிடும். வெள்ளிக்கிழமை குடுத்துடலாமா?"

"காரணம் இல்லாம வச்சிருக்கமாட்டார் சார்."

"என்ன காரணம்?"

"தெரியல."

"தெரியலன்னா இல்லன்னுதானே அர்த்தம்?"

"நமக்குத் தெரியலன்னு அர்த்தம் சார்."

அவசரம் கெட்டவர் அல்ல. கடிகாரத்தைப் பார்த்தார், சாய்ந்த நாற்காலியைப் பார்த்தார், "வெள்ளிக்கிழமை" என்றார், போனார்.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. டீ மெஷின் பக்கத்தில் யாரோ, "எட்டாவது கையில பேனா பிடிச்சுக் கட்டம் போட்டுக்கிட்டிருந்திருப்பார்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கட்டம் இருந்திருந்தால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பார். டீச்சருக்குத்தான் டம்ளர் கையில் சுட்டது. எத்தனையோ வருடங்களாக எத்தனையோ சிப்புகளில் ஒரு கையை வெறுமனே முடக்கிவைத்திருந்தார் என்று ஆகிவிட்டால், இனி அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அதுதான் முதலில் வரும். வரியை அழித்துவிட்டு, எங்கேயோ எட்டாவது கைக்கு உண்மையிலேயே வேலை இருந்தது என்று பிறகு தெரிந்தாலோ, அது இன்னும் மோசம். சத்தத்தின் அளவைப் பிடித்திருக்கும் கையில் வேறு ஏதாவது வந்து விழுந்தால், கருவி வைத்திருப்பவரின் காதுக்குள் ஊளையிடும். அது யாரோ ஒருவரின் அத்தை.

தன் கணினியில் மட்டும் அந்த வரியை எடுத்துவிட்டுச் சோதனைகளை ஓடவிட்டாள். அத்தனையும் தேறின. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சோதனை என்பது தெரிந்த தெருவில் நடந்துபார்ப்பது. தெரியாத சந்து பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பின்னோக்கி நடந்தாள். காதுக்கருவியின் புரோகிராமைக் கட்டம் எழுதிய பகுதியிடம் கொடுத்து, அது வரைந்த வழிகளை அச்செடுத்து, மேசையிலும் அவர் நாற்காலியிலும் பரப்பிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிவிலிருந்தும் தொடக்கம் வரை வந்தாள். எட்டாவது கையில் இருப்பதை யாராவது கேட்கிறார்களா? யாரும் கேட்கவில்லை. 'மணி'யைக்கூட விடவில்லை. மணி என்று அவர்கள் சொன்னது, நடுவில் வந்து கூப்பிடும் அவசர வேலையை. பேட்டரி குறைந்தால், பொத்தானை அழுத்தினால், மணி அடிக்கும். சிப் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி அங்கே ஓட வேண்டும். மணிக்கு ஓடும் பகுதி முதலில் எல்லாக் கைகளிலும் இருப்பதைக் கீழே வைக்கிறது, தன் வேலையைப் பார்க்கிறது, போகும்போது எல்லாவற்றையும் திரும்ப அந்தந்தக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. ஒழுங்காக இருந்தது. குறை சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. அவர் வரைந்த வழியை வைத்துக்கொண்டே அவர் வரையாத வழியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அடுத்தவர் யாராவது இதைச் செய்திருந்தால் சிவப்பில் குறிப்பு போட்டிருப்பாள்.

புதன்கிழமை மதியம் கட்டத்தின் மனைவி அவருடைய சாமான்களை எடுத்துப்போக வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு ஆட்களை உட்கார வைக்கும் வேலை அவளுக்கு. பாதி நாள் லீவு போட்டு வந்திருந்தாள். இழுப்பறையில் பெரிதாக ஒன்றுமில்லை. மை தீர்ந்த பேனாக்கள், ஒரு ஸ்க்ரூ டிரைவர், மப்ளர், கட்டம் போட்ட காகித டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரு தூண்.

"இதெல்லாம் குப்பையா, சாமானா?" என்று டம்ளர்த் தூணைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்கும் தெரியலக்கா."

"வீட்டுலயும் இதே கதைதான். பால் கவர்ல கூட கட்டம். நான் தூக்கிப் போட்டா குப்பைத்தொட்டியில கையை விட்டு எடுப்பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சாமான்கள் இரண்டு பைகளில் அடங்கின. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மனைவி ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை டீச்சர் எடுத்துக்கொண்டு, முதுகில் தொங்கிய தன் பையோடு, தண்ணீர் பாட்டிலையும் மறு கையில் பிடித்தபடி படியிறங்கினாள்.

"ரெண்டு கையிலயும் வச்சுக்கிட்டு இறங்குறியே, அவர் பார்த்தா திட்டுவாரு."

"திட்டுவாரா? சாரா?"

"பொண்ணு சின்னவளா இருக்கும்போது, இப்படித்தான் படியில ரெண்டு கையிலயும் பையோட இறங்கிக்கிட்டிருந்தார். அவ முன்னால தடுக்கி விழுந்தா. இவருக்குப் பிடிக்கக் கையில்ல. பையைக் கீழ வச்சுட்டுப் பிடிக்கறதுக்குள்ள அவ ரெண்டு படி உருண்டுட்டா. நெத்தியில தையல். அன்னையிலிருந்து ஒரு கை எப்பவும் காலி. மழையில குடையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே வருவாருன்னா பார்த்துக்கோயேன். ஏன்யா, ரெண்டு கை எதுக்கு இருக்குன்னு கேட்டா, 'யாரு எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது, கையில இருக்கிறதைக் கீழ வைக்கறதுக்கே ஒரு கை வேணும்'பாரு."

டீச்சர் படியில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா? கனமா இருக்கா?"

"இல்லக்கா. வாங்க."

கீழே இறங்கி, டாக்ஸியில் பைகளை வைத்து, மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டு, பதிலைக் காதில் வாங்கி, டாக்ஸி திரும்பும் வரை நின்றாள். பிறகு படிகளில் ஏறியபோது மூச்சு வாங்கியது. அது படிகளால் மட்டுமல்ல.

கீழே வைப்பதற்கே ஒரு கை வேண்டும். மணி அடித்ததும் எல்லாவற்றையும் கீழே வைக்க வேண்டும், சரி. எங்கே வைப்பது? அந்த இடத்தின் முகவரியை முதலில் ஒரு கையில் எடுத்தாக வேண்டும். எட்டுக் கையிலும் ஏதாவது இருந்தால் அதை எந்தக் கையில் எடுப்பது? ஒன்றையும் இன்னும் கீழே வைக்கவில்லையே. அந்த முதல் நொடிக்கான துண்டு கம்பைலர் வழியாக வருவதே இல்லை. ஒவ்வொரு சிப்புக்கும் ஆள் உட்கார்ந்து நேரடியாகச் சிப்பின் கட்டளைகளிலேயே எழுதி, கம்பைலரோடு சேர்த்து வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடுவார்கள். கம்பைலர் பார்க்காததால் அது எந்த வரைபடத்திலும் வராது. அவள் தேடிய கொல்லைப்புற வாசல் அதுதான்.

பழைய சிப்புக்கான அந்தத் துண்டைத் திறந்தாள். முதல் வரியிலேயே இருந்தது. முகவரி, எட்டாவது கைக்கு.

அவள் சாய்ந்த நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள். "இதை ஒரு வரி எழுதி வச்சிருந்தா என்ன சார்?" என்றாள். அறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவசரத்திடம் போய்ச் சொன்னபோது அவர் முழுவதையும் கேட்டார், அதிசயமாக உட்கார்ந்தே கேட்டார். "கெட்டிக்கார மனுஷன்" என்றார். பிறகு, "அப்ப அழிக்க முடியாது. சரி, அந்தச் சத்தம் தணிக்கிற வசதியை அவங்களையே வெட்டச் சொல்லிடறேன்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டத்தின் பெயர் பிழைத்துவிட்டது, டீ மெஷின் பக்கத்தில் இனி யாரும் சிரிக்கமாட்டார்கள். அவள் ஆம் என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு அவருடைய கேள்வி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. அது இருக்கட்டும்மா, இந்த வீட்டுக்கு எத்தனை வாசல்? அவள் பார்த்தது பழைய வீட்டின் வாசல். இது புது வீடு.

புதுச் சிப்பின் கையேட்டை எடுத்து, மணி பற்றிய அத்தியாயத்தைப் படித்தாள். அதில் மணி அடித்தால், யாரும் சொல்லாமலே, சிப் தானாகவே எட்டுக் கையில் இருப்பதையும் ஓரிடத்தில் இறக்கிவைத்துவிட்டுத்தான் ஓடுகிறது. திரும்பும்போது தானாகவே எடுத்துக்கொள்கிறது. முகவரி பிடிக்கக் கை தேவையில்லை. அவள் செவ்வாய்க்கிழமை பார்த்த பகுதி பழைய பழக்கத்தில் மறுபடி இறக்கிவைப்பது வெறும் கூடுதல் வேலை. தப்பாகப் படித்தோமோ என்று மறுபடி படித்தாள். தப்பாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று இன்னொரு முறை படித்தாள். எட்டாவது கையை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

அவருடைய காரணம் கிடைத்த நாளிலேயே தீர்ந்தும் போயிருந்தது. அதை இன்னும் சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவராது. ஆனால் எங்கேயோ ஒருவர் கதவு அறையும் ஒவ்வொரு முறையும் தோள் குலுங்கித் திடுக்கிடுவார். ஒரு கை அங்கே சும்மா பிடித்துக்கொண்டு நிற்கும். சும்மா நிற்பதை அவரே பொறுத்திருக்கமாட்டார்.

அந்த வரியை அவள் அழிக்கவில்லை. அதற்கு மேலே ஒரு கேள்வியைச் சேர்த்தாள்: எந்தச் சிப்? பழையது என்றால் எட்டாவது கை யாருக்கும் இல்லை. புதியது என்றால் எட்டும் உண்டு. பிறகு, அவர் எழுதாமல் விட்ட காரணத்தை, படிக்கிறவர் யாராக இருந்தாலும் புரியும்படி எழுதினாள். மணி அடிக்கும்போது கையில் இருப்பதைக் கீழே வைப்பதற்கே ஒரு கை வேண்டும். எழுதி முடித்துப் பார்த்தபோது திரை கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள், கண்ணையும்.

வியாழக்கிழமை சோதனைப் பலகையில் புதுச் சிப்பைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவில் மணி அடிக்கவிட்டாள். ஹெட்போனில் ஒரே சீரான ஒலி. மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஒலி ஒரு இடத்திலும் பிசிறவில்லை. பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்து, "பாஸ் சார்" என்றாள். "குறிப்பு எழுதாததுக்கு ரெண்டு மார்க் கம்மி."

வெள்ளிக்கிழமை புரோகிராம் சிப்பில் அடங்கியது. அவசரம் நின்றபடியே நன்றி சொன்னார்.

அன்று வீட்டில் அத்தை தன் அண்ணன் மகனின் புது வீட்டைப் பற்றி, சமையலறையில் வெளிச்சமே இல்லை என்று, நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஜன்னலை மட்டும் கிழக்கால வச்சிருந்தா" என்று வந்தவள், ஒரு விரலைத் தூக்கினாள். காதுக்குள் மணி அடிக்கிறது, பேட்டரி குறைகிறது. இந்த முறை நிஜமாகவே. மணி முடிந்ததும் விரல் இறங்கியது. "வச்சிருந்தா காலையில விளக்கே போட வேண்டாம்" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தாள். அந்தப் பழைய சிப்புக்குள், அந்த ஒரு நொடியில், எட்டாவது கை காலியாகக் காத்திருந்திருக்கிறது. இத்தனை வருடமும் அத்தை விரலைத் தூக்கிய ஒவ்வொரு முறையும்.

"என்னம்மா, என் காதையே பார்த்துக்கிட்டிருக்கே?"

"அத்தை, அன்னைக்குக் கேட்டீங்களே, சொந்தமான்னு."

"ஆமா. நீயும் அன்னையிலிருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கே. யாரு அவரு?"

டீச்சர் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். முடிவிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும் என்று தோன்றியது.

"ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சாராம்" என்றாள்.

"இரு" என்று அத்தை எழுந்தாள். அலமாரியைத் திறந்து, துணிகளுக்குப் பின்னால் கையை விட்டாள். "புதுப் பேட்டரி போட்டுக்கிட்டு வரேன். அப்புறம் சொல்லு."